கேட்டுத் தள்ளியவர்

ஞாயிறு, இரவு

இன்று அக்காவோடு கடற்கரைப் பூங்காவுக்குப் போனேன். சிமெண்ட் பாதை முடிந்ததுமே என் சக்கர நாற்காலி மணலில் புதைந்துவிட்டது. "கடல இங்கன இருந்தே பாரு, போதும்" என்றாள் அக்கா. எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது.

பக்கத்தில் படகைக் கரையேற்றி முடித்த மீனவர் ஒருவர், அதற்குப் போட்டிருந்த பலகைகளை எடுத்துவந்து எங்கள் முன்னால் கடல்வரை வரிசையாகப் பரப்பினார். நாற்காலியைப் பிடித்தார். ஆனால் தள்ளவில்லை.

"தள்ளுங்கண்ணே" என்றாள் அக்கா.

"படகுக்காரவுக சத்தம் குடுக்காம நாங்க தள்ள மாட்டோம்மா" என்றவர் என் பக்கம் குனிந்தார். "நீங்க சொல்லுங்க தங்கச்சி."

இத்தனை வருடத்தில் என்னைக் கேட்டுத் தள்ளிய முதல் ஆள். "தள்ளுங்க" என்று கத்தினேன். அலை வந்து காலை நனைக்கும்வரை "நிறுத்துங்க" என்று நான் சொல்லவே இல்லை.