மஞ்சள் ரப்பர்

செவ்வாய், 4

காலையிலிருந்து மழை. 9 மணி பல் டாக்டர். கம்பி போட்டு ஆறாவது மாதம். முறுக்கிவிட்டு, ஒவ்வொரு பல்லுக்கும் புது ரப்பர் வளையம். நிறமில்லாதது கேட்டு வாங்கினேன். முப்பத்தேழு வயதில் கலர் ரப்பரா? அதுவும் ஞாயிறு மெர்சிங்கில் பெண் பார்க்கப் போகும்போது?

நர்ஸ்: "கறி சாப்ட்டா மஞ்சளாயிடும்ணே. அடுத்த மாசம்தான் மாத்துவோம்."

சாப்பாட்டுக்கடைக்காரனிடம் சொல்கிறாள்.

புதன், 5

கூடாதவை: மஞ்சள் போட்ட குழம்பு எல்லாம் (மீன் ஆணம், பருப்பாணம்), கோப்பி, தேத்தண்ணி.

தின்றவை: கஞ்சி, தயிர்ச்சோறு. பல்வலி வேறு. அவித்த முட்டைகூடக் கல்.

உப்பு பார்க்கும் வேலையை ராத்தாவிடம் விட்டேன். கூடப் பிறந்த அக்காதான், கை ரொம்பத் தாராளம். மதியம் இரண்டு மேசையில் "அலமாக், ஒரே உப்புலா!"

வெள்ளி, 7

ரப்பர் பளிச். அல்ஹம்துலில்லாஹ்.

ராத்தா: "மூணு வீட்டுல உர்ருன்னு உக்காந்திருந்தே. கோணப்பல்லு தெரியும்னு வாயே தொறக்கல. திமிரு புடிச்சவன்னு சொல்லிட்டாங்க. இந்தத் தடவையாவது சிரிச்சுத் தொலைடா."

உண்மைதான். பெண் பெயர் நஸ்ரின். டீச்சர். போட்டோவை இன்று மட்டும் எட்டுத் தடவை பார்த்தாயிற்று. பிடித்துவிட்டது, என்ன செய்ய.

ஞாயிறு, 9

மெர்சிங். நல்ல வெயில். பெண் வீட்டில் பெரிய சட்டி நிறைய மீன் ஆணம், மஞ்சள் மஞ்சளாக. "எனக்கு வெறும் சோறு போதும்" என்றேன். நஸ்ரினின் உம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ராத்தா மேசைக்கடியில் காலை மிதித்தாள்.

நஸ்ரின் நேராகவே கேட்டாள். "நான்தான் ஆக்குனேன். புடிக்கலையா?"

எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். உண்மையைக் கொட்டிவிட்டேன். ரப்பர், மஞ்சள், ஐந்து நாள் கஞ்சி, எல்லாம். வாயைத் திறந்தும் காட்டினேன்.

 நஸ்ரின் சிரித்தாளே ஒரு சிரிப்பு! நானும் சிரித்துவிட்டேன், அத்தனை பல்லும் தெரிய.

"ஊத்துங்க" என்றேன். மூன்று தடவை ஊற்றினார்கள். என்ன ருசி!

கிளம்பும்போது உம்மா: "கலந்து பேசிட்டு சொல்றோம்." மற்ற மூன்று வீட்டிலும் இதேதான் சொன்னார்கள். எங்கள் ஊர் ஸ்கூடாய் வரும்வரை, நன்றாகச் சிரித்தேனா என்று ராத்தாவைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

திங்கள், 10

வாய் முழுக்க மஞ்சள். கடையில் ஒரே கேலி. பகலெல்லாம் போன் இல்லை. பரோட்டா இரண்டு கருகல்.

மாலை 5 மணி. ராத்தாவின் போன் அடித்தது. நஸ்ரினின் உம்மா! ராத்தா ஸ்பீக்கரில் போட்டாள்.

"எம் மவ ஒண்ணு கேக்கச் சொல்றா. நிக்காஹ் சாப்பாட்ட மஞ்சள் போடாம ஆக்கணுமான்னு."

"போட்டே ஆக்கச் சொல்லுங்க!" என்று அடுப்படியிலிருந்து கத்தினேன்.