உன் பேரைச் சொல்லி நிறுத்திய எண்ணெய்

அன்பு மருமகள் சுகிர்தாவுக்கு, எம். புதுப்பட்டி தொடங்கி ஆனைக்குட்டம் அணை வரைக்கும் கட்டியாளும் உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே நான் சுகம், வெயில் என்னைவிடச் சுகம். அக்காவின் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால் தாளில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

உன் அம்மாவின் ரத்தப் புற்றுநோய்ச் செல்கள் கொழுப்பை எரித்துத்தான் பிழைக்கின்றன, அந்த வழியை அடைக்கிற மருந்தைத்தான் உங்கள் ஆய்வகத்தில் தேடுகிறீர்கள் என்று போன மாதம் சொன்னாய் அல்லவா. பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருஷம் ஃபோர்மேனாக இருந்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா. கலவை அறையில் ஒரு கிராம் வெடிமருந்து கூடுதலாக இருந்தாலும் ஏழு ஊருக்குக் கேட்கிற மாதிரி ஏசுகிறவன் நான், தீப்பிடிக்கிற இடத்தில் சரக்கு இருக்கக் கூடாது என்பதுதான் எங்கள் வேதம். அன்றைக்கே அடுப்படியிலிருந்து நல்லெண்ணெய், நெய், தேங்காய் எல்லாவற்றையும் நாடு கடத்தினேன். விருதுநகர் பொரிச்ச பரோட்டாவைத் தெருவுக்குள்ளேயே விடவில்லை. அவள் மறுத்துப் பேசக் கூடாதென்று, சுகிர்தாதான் சொன்னாள் என்று ஒரு வார்த்தையும் சேர்த்துவிட்டேன். அதோடு உன் அம்மா ஒன்றும் கேட்கவில்லை, வெறும் கஞ்சியும் அவித்த காயும்தான்.

மூன்று வாரத்தில் ஐந்து கிலோ குறைந்துவிட்டாள். போன செவ்வாய் மதுரை டாக்டர் எடையைப் பார்த்து, என்ன சாப்பாடு என்று விசாரித்துவிட்டு, அடுத்த சுற்று மருந்தை ஏற்றாமல் திருப்பி அனுப்பிவிட்டார். எண்ணெயை நிறுத்தினால் நோய் பட்டினி கிடக்காது, உடம்பில் இருக்கிற கொழுப்பைக் கரைத்துத் தின்னும், பட்டினி கிடப்பது இந்த அம்மாதான் என்றார். யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "எனக்குத்தான் வாய்க்குப் பிடிக்கல ஐயா" என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் நெய் ஊற்றிப் பருப்புச் சோறு பிசைந்து வைத்தேன், தட்டைத் தள்ளிவிட்டாள். "ஏலே தம்பி, எம் மக அம்புட்டுப் படிச்சுட்டுச் சொல்றா, அவ பேச்சத் தட்டவா" என்கிறாள். சுகிர்தா சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்று சத்தியம் செய்தேன். அறுபது வருஷமாக என் புளுகைக் கேட்டவள், சிரித்துவிட்டுத் தண்ணீரைக் குடித்துப் படுத்துக்கொண்டாள்.

அலுத்துவிட்டதம்மா எனக்கு. நூறு பேரை அதட்டி வேலை வாங்கியவனால் ஒருத்திக்கு ஒரு வாய் சோறு கொடுக்க முடியவில்லை. திங்கட்கிழமை மறுபடி எடை பார்ப்பார்கள். இதைப் பார்த்ததும் வீடியோவில் கூப்பிடு, அவள் முதல் வாய் விழுங்குகிற வரைக்கும் போனை வைக்காதே. என்னை எம்புட்டு வேண்டுமானாலும் ஏசு, அவளுக்குக் கேட்கிற மாதிரி ஏசு, அப்போதாவது நம்புவாள். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, இருக்கன்குடி மாரியம்மன் உன் கூடவே இருப்பாள்.

உன் மாமன்,
சங்கரபாண்டியன்