சத்தம் வராத பெட்டி

என் வீட்டுக்காரிக்கு,

உன் கணவன் தன் கையாலேயே எழுதும் முதல் கடிதம் இது! நீ நலமா? முழங்கால் வலி குறைந்ததா? நான் சௌக்கியம். எழுத்து கோட்டை விட்டு இறங்கி நடந்தால் சிரிக்காதே.

நம் மகன் எடுத்து அனுப்பிய, நீ கையாட்டும் வீடியோவை இங்கே எங்கள் விடுதி டிவியில் பெரிதாகப் பார்க்க, டிவியோடு இணைக்கும் ஒரு பெட்டி வாங்கப் போனேன். மலிவான பெட்டியில் படம் மட்டும் ஓடியது. "உங்க வீடியோவுக்கு இதுல சத்தம் வராது பெரியவரே" என்றார் கடைக்காரர். போனில் ஸ்பீக்கர் போனதிலிருந்து ஊமைப்படம்தானே பார்க்கிறேன்? 'சீக்கிரம் வாங்க' என்று நீ வாயசைப்பதைக் காதால் கேட்க ஆசைப்பட்டு, விலை கூடியதையே வாங்கினேன்.

உடன் தங்கியிருப்பவர்களையும் உட்கார வைத்துப் போட்டேன். நம் மகன் குரல் கணீரென்று வந்தது.

"நல்லாக் கையாட்டும்மா. இதைப் பாத்துக்கிட்டே பெருசு இன்னும் ரெண்டு வருசம் அங்கேயே கெடக்கும்."

"கெடக்கட்டும்டா. இங்க வந்தா யாரு பாக்குறது?" என்று நீ சிரித்தாய்.

"அண்ணே, பெட்டி ஒரு வார்த்தை விடாம பேசுதே!" என்றார் எங்கள் சமையல்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாளே அதைக் கொடுத்துவிட்டு மலிவானதை மாற்றிக்கொண்டேன். நேற்று நீ கையாட்டினாய், நானும் ஆட்டினேன். முன்போலவே 'சீக்கிரம் வாங்க' என்றுதான் சொன்னாய்.

வேலைக்கு மணி அடிக்கிறது. மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு ஒன்று அனுப்பு. இன்னொரு வீடியோவும் அனுப்பு, கொஞ்சம் நீளமாக. என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள், இங்கே கேட்காது.

உன் கணவன்