மூன்று கையெழுத்து

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் சுகம். அப்பாவும் சுகம் என்று பழக்கத்தில் எழுதவந்த கையை நிறுத்திக்கொண்டேன், இந்தக் கடிதத்தில் பொய் வேண்டாம்.

போன வாரம் போனில் நீ, ஏம்மா மூணு தடவையும் சரியாயிடுச்சுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தே என்று கேட்டாய். சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் வாய் வரவில்லை. அப்பாவுக்கு நீ வாங்கி அனுப்பிய ஆக்ஸிஜன் மெஷின் நாலு மாதம் ஒழுங்காக ஓடியது, பிறகு கீச்கீச்சென்று கத்திவிட்டு நின்று நின்று போனது. கம்பெனி மெக்கானிக் வந்தார், மூடியைக் கழற்றித் தூசியை ஊதினார், மாட்டினார், ஓடியது. ஓடும்போதே ஒரு தாளை நீட்டினார். எல்லாம் பொடி எழுத்து. என் அஞ்சாங்கிளாஸ் படிப்புக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டும், அரை மணி ஆகும். அந்த மனுஷன் முன்னால் விரல் வைத்து முணுமுணுக்க வெட்கமாக இருந்தது. எல்லாம் படித்தவள் மாதிரி மேலும் கீழும் பார்த்துவிட்டு முழுப்பெயரையும் போட்டேன். அம்மா கையெழுத்து முத்து முத்தா இருக்கே என்றார். அந்த ஒரு பேச்சில் மயங்கிவிட்டேனடி. அவர் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் மெஷின் நின்றுவிட்டது. மூன்று தடவையும் இதே கதை, மூன்றாவது தடவை டீ வேறு போட்டுக் கொடுத்தேன்.

குறை தீர்ந்தது, வாடிக்கையாளருக்குத் திருப்தி என்று அந்தத் தாளில் இருந்ததாம். அதைக் காட்டித்தான் கம்பெனிக்காரர்கள் உன் வாயை அடைத்திருக்கிறார்கள். அதற்குள் அப்பா உதடெல்லாம் நீலமாகி ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். போன தெம்பு போனதுதான், இனி திரும்பாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வாசல்வரை நடந்த மனுஷன் இப்போது கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வரவே ரெண்டு இடத்தில் நிற்கிறார். இதில் அவர்கள் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

முந்தாநாள் மெக்கானிக் நாலாவது தடவை வந்தார். அதே ஊதல், அதே தாள். உட்காருங்க தம்பி என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சத்தமாகவே எழுத்துக்கூட்டிப் படித்தேன். இன்னும் நாலு வீடு போகணும்மா என்று வாட்சைப் பார்த்தார். உன் அப்பா படுத்தபடியே, அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் நானே காத்துக்கிட்டிருக்கேன், உங்களுக்கென்ன அவசரம் என்று மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். பாதித் தாள் தாண்டுவதற்குள் மெஷின் அந்த மெக்கானிக் கண்ணெதிரிலேயே நின்றது. அதுவரை அவர் ஒருநாளும் இருந்து பார்த்ததில்லை. தாளைத் திருப்பி, மெஷின் ஓடவில்லை, எனக்குத் திருப்தி இல்லை என்று எழுதினேன். பின்பக்கம் எழுதினா ஆபீஸ்ல எடுத்துக்க மாட்டாங்கம்மா என்றார். அவர் அப்படிச் சொன்னதையும் எழுதி, அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டேன். பக்கத்து வீட்டு டீச்சர் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறாள். வேறு மெஷின் தருகிறோம் என்று இன்று போன் வந்தது. வந்தால்தான் நிஜம். அதுவரை சிலிண்டர்தான்.

நீ இனிமேல் அவர்களிடம் கத்தாதே, கத்தினால் அதையே பிடித்துக்கொண்டு போனை வைத்துவிடுகிறார்கள். எந்தத் தேதி, யார் வந்தது, என்ன செய்தது என்று வரிசையாக எழுதி அனுப்பு. பேத்தி எழுத்துக்கூட்டிப் படித்தால் அவசரப்படுத்தாதே. மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நீண்டநாள் இருங்கள்.

இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டது அவருக்கு இப்போதுதான் தெரியும். கேட்டு முடித்துவிட்டு, ஒரு வரி விட்டுட்டியே, சீக்கிரம் வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு என்றார். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
எல்லாம் படித்துப் பார்த்துக் கையெழுத்திடும்
உன் அம்மா