ஒரு லிட்டர் பெட்ரோல்

அன்புள்ள அப்பாவுக்கு ஜோதி எழுதுறது.

உங்க முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் விட்டுச்சா? நான் நல்லா சாப்பிடுறேன்.

எங்க சிட்லபாக்கம் மெக்கானிக் ஷெட்டுக்கு, முதலாளி தயாளன் சார் அடிமாட்டு விலைக்கு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். இன்ஜினைப் பிரிச்சுக் கோர்த்தது நான்தான். மைலேஜ் பார்க்க, ஒரு லிட்டர் பெட்ரோலை பாட்டில்ல ஊத்தி, கார்புரேட்டருக்கு டியூப் மாட்டி, தாம்பரத்துலேருந்து நானும் சாரும் கிளம்பினோம். வண்டலூர்கூடத் தாண்டல, நடுரோட்டுல நின்னுடுச்சு. பின்னால வந்த லாரிக்காரர் கொஞ்சம் திட்டினார், அவ்வளவுதான்.

பிளக்கைக் கழட்டினா ஒரே கரி. "இன்னாம்மா, போட் இன்ஜினுக்கு எண்ணெய் குடுக்குற மாதிரி காருக்கும் குடுத்துகினு கீறியா?"ன்னு சார் சிரிச்சார். நெசம்தான். கடல்ல இன்ஜின் அணைஞ்சுடக் கூடாதுன்னு நீங்க எண்ணெயைத் தாராளமா வைப்பீங்களே, என் கையும் அப்படியே வச்சிருக்கு.

கார்புரேட்டர்ல பெட்ரோல் விடுற ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமா மூடினேன். மறுபடி அதே ஒரு லிட்டர். வண்டலூர் போச்சு, ஊரப்பாக்கம் போச்சு, கூடுவாஞ்சேரியும் போச்சு. பாட்டில்ல விரல் அகலம்தான் மிச்சம், வண்டி இன்னும் ஓடுது! மறைமலை நகர் போய்த்தான் நின்னுச்சுப்பா!

யாராவது இந்தப் பக்கம் வந்தா நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடுங்க. போர்த்திக்க அம்மாவோட பழைய சேலை ஒண்ணும்.

சார் கூப்பிடுறார். இதைப் படிச்சுட்டு நம்ம போட் இன்ஜின்ல கை வச்சுடாதீங்கப்பா. அது குடிக்கிறதைக் குடிக்கட்டும். கார் நின்னா நான் ரோட்டோரமா இறங்கி நிப்பேன். நீங்க எங்க இறங்குவீங்க?

உங்க மகள்,
ஜோதிலட்சுமி