பங்குனிச் சூரியனும் நான் நட்ட கல்லும்

அண்ணாச்சி, இன்றைக்கு மோட்டார் ரூமைக் கூட்டும்போது உம்முடைய மஞ்சள் நைலான் கயிறு கிடைத்தது. கிரீஸ் வாசனை இன்னும் போகவில்லை. சங்கரன்கோவில் விசைத்தறிகளையெல்லாம் கழற்றி மாட்டிய கை உம்முடையது. அந்தக் கையோடு டீ கிளாசைப் பிடித்து, என் வீட்டுக்காரியிடம் நீர் திட்டு வாங்காத நாள் உண்டா?

மேலநீலிதநல்லூர்ப் பக்கம் என் உளுந்துக் காட்டில் பெருங்கற்கள் வட்டமாகக் கிடக்கின்றன. வட்டத்துக்கு மேற்கே ஆளுயரக் குத்துக்கல் ஒன்று. எங்களுக்கு அது உழவுக்கு இடைஞ்சல். உமக்கோ ஆதி மனிதர்கள் தங்கள் செத்தவர்களைப் புதைத்த இடம். ஞாயிறுதோறும் வந்து, மாடு வாங்க வந்தவரைப் போல ஒவ்வொரு கல்லையும் தட்டித் தடவிப் பார்ப்பீர். ஒரு பங்குனியில், பகலும் இரவும் சமமாக வரும் நாளில், எழுந்த சூரியனின் வெயில் குத்துக்கல்லின் தட்டை முகத்தில் நேராக விழுந்தது. நீர் என் கையைப் பிடித்துக்கொண்டீர்.

"பாத்தீரா வே! நூல் பிடிச்ச மாதிரி கிழக்க பாக்கு. கணக்கு தெரிஞ்சவன் நட்ட கல்லு வே இது!"

உம் கண் கலங்கியிருந்தது.

நட்டவன் நான். அதைச் சொல்ல எனக்கு நாலு பங்குனி ஆயிற்று.

நீர் முதன்முதலில் வருவதற்கு முந்தைய வருஷம், கோடை உழவில் டிராக்டர் இடித்து அந்தக் கல் விழுந்துவிட்டது. அப்படியே போட்டுவைக்க மனசு வரவில்லை. எங்கள் ஊரில் சாமிக்கல்லை எப்படி நடுவோமோ அப்படியே, காலையில் எழுந்த சூரியனைப் பார்த்து முகத்தைத் திருப்பி நட்டு, சரளை போட்டு இறுக்கினேன். அதுவும் பங்குனி மாதம்தான். நீர் சந்தோஷப்பட்டதைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை. வருஷா வருஷம் நீர் அளந்து நோட்டில் எழுதியது என் கைவேலையை.

தொல்லியல் துறைக்கு அனுப்பப்போவதாக நீர் நோட்டைப் பிரதி எடுத்துக்கொண்டு வந்த அன்றுதான் உடைத்துச் சொன்னேன். நாலு பேர் முன்னால் நீர் தலைகுனிவதை என்னால் தாங்க முடியாது. நீர் திட்டவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனீர். மூன்று ஞாயிறு வரவில்லை. அந்த மூன்று வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. உம்மிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

நாலாவது ஞாயிறு, சர்ச்சுக்குப் போகும் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றீர்.

"எந்தக் கல்லை நீரு தொடல? அதச் சொல்லும்."

"கிழக்கோரத்து ரெண்டு பெரிய கல்லு அண்ணாச்சி. அத அசைக்க ஜேசிபிதான் வரணும்."

"அப்ப மொதல்ல இருந்து ஆரம்பிப்போம். இனி நீரு ஒரு கல்லுக்கும் உதவி செய்ய வேண்டாம் வே."

சொல்லிவிட்டுச் சிரித்தீர். எனக்கு உயிர் வந்தது. வட்டத்தின் நடுவை அந்த மஞ்சள் கயிற்றால் அளந்து அங்கே ஒரு முளை அடித்தீர். முளையில் நின்று பார்த்தால், அந்த இரண்டு கல்லுக்கும் நடுவிலுள்ள சந்தில் பங்குனிச் சூரியன் எழும் என்பது உம் நம்பிக்கை. அதைப் பார்க்காமல் மாசியிலேயே நெஞ்சுவலியில் போய்விட்டீர்.

நேற்றுதான் பகலும் இரவும் சமமாகும் அந்த நாள். உம் மகள் கொடுத்த நோட்டோடு போய் முளையில் நின்றேன். காற்றாலைகளுக்கு அப்பால் கிழக்கு வெளுத்தது. சூரியன் சந்தில் வரவில்லை, தென்பக்கத்துக் கல்லுக்குப் பின்னால் எழுந்தது. ஓரடி இடதுபக்கம் நகர்ந்தால் சரியாகச் சந்துக்குள் வந்துவிடும். பார்க்க ஒருவரும் இல்லை. நீர் ஜெயிக்க வேண்டுமே என்று எனக்குக் கால் பரபரத்தது.

நகரவில்லை, அண்ணாச்சி. 'சந்தில் வரவில்லை, தென்பக்கத்துக் கல்லுக்குப் பின்னால்' என்று எழுதி என் பேரைப் போட்டேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

உம் நோட்டில் இன்னும் நிறையப் பக்கம் இருக்கிறது. மார்கழியில் சூரியன் இன்னும் தெற்கே தள்ளி எழும். அது எந்தச் சந்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். போய் நிற்பேன், கையைக் கட்டிக்கொண்டு.