கணப்படுப்பின் மேல் கசகசா

என் அன்பு புர்கி அக்காவுக்கு,

அஃப்ரா எழுதுகிறேன். அப்பாவும் நானும் மாடுகளும் நலம். இந்த வரியை எழுத முடிகிறதே என்று எனக்கே இன்னும் நம்ப முடியவில்லை.

நேற்று மாலை பால் கறந்துவிட்டு வந்து, கணப்படுப்பைத் திறந்து ஒரு கட்டை போட்டேன். ஈரக் கட்டை, படபடவென்று பொறி பறந்தது. நிமிர்ந்தால், நாம் காலுறை காயவைக்கும் அடுப்புத் திட்டில் ஒரு ரொட்டித் தட்டு. அதில் கறுப்பாக, பொடிப்பொடியாக என்னவோ பரப்பியிருந்தது. உன் கல்யாணப் பலகாரத்துக்கு வாங்கிய கறுப்புக் கசகசா என்றுதான் நினைத்தேன். விரலில் தொட்டு முகர்ந்தேன். கந்தக வாடை. அக்கா, அது கல்யாண வேட்டுக்காக அப்பா பீரங்கிக்குப் போடும் கருமருந்து.

அடுப்புக் கதவைச் சாத்தக்கூடத் தோன்றவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி, மழைநீர்ப் பீப்பாயில் கவிழ்த்தேன். கொட்டகையிலிருந்து பார்த்த அப்பா, “அறிவிருக்காடி உனக்கு? அது உங்க அக்கா கல்யாண மருந்துடி!” என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் போனார். திறந்து கிடந்த அடுப்பையும், வெடித்துக்கொண்டிருந்த கட்டையையும் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க அவர் விரல்களால் முடியவில்லை. நான்தான் அவிழ்த்தேன்.

சுடும் இடத்தில் யாராவது சிகரெட்டை எடுத்தால் தட்டிவிடுகிறவர் அப்பா. உலோகம் உரசினாலும் பொறி வரும் என்று மருந்தை மரக்கரண்டியால்தான் அள்ளுவார். கம்பளியிலும் பொறி பறக்கும் என்று கம்பளிச் சட்டைக்காரர்களைக் கிட்டே சேர்க்கமாட்டார். அவரா இப்படி? பனி உருகியபோது கொட்டகைக் கூரை ஒழுகி, பெட்டிக்குள் மருந்து கட்டிதட்டிவிட்டதாம். நனைந்த மருந்தைக் காயவைக்கக் கூடாது, வேட்டுச் சங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததா? கொடுத்தால் கூரை ஒழுகியதைச் சங்கத் தலைவர் கோர்பினியனிடம் சொல்ல வேண்டும். போன வருஷம் வின்சென்ஸ் மகள் கல்யாணத்தில் பீரங்கி வெடிக்காமல் புஸ்ஸென்று போனபோது, “என்னப்பா, உன் பீரங்கிக்கு ஜலதோஷமா?” என்று கேட்டவரே அப்பாதான். இப்போது ஊர் திருப்பிக் கேட்கும் என்று பயம். மணப்பெண் வீட்டில் விடியற்காலை வேட்டு கேட்காவிட்டால் அவருக்குத் தலைகுனிவு.

பெட்டியில் இன்னும் பாதி இருக்கிறது. “வெயில்ல காயவெச்சா ஒண்ணும் ஆகாது, சாவியைக் குடு” என்கிறார். பெட்டியை நான் பூட்டிவிட்டேன், சாவி என் பாவாடைப் பையில் இருக்கிறது. இன்று கோர்பினியன் பால் வாங்க வந்தபோது சொல்லிவிடலாம் என்று எதிரில் போய் நின்றேன். “என்ன பாப்பா, உங்க வீட்டுல மாடு மட்டுந்தான் வாயைத் திறக்குமா?” என்று சிரித்தார். முகம் சூடாகி உள்ளே ஓடிவிட்டேன். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். பள்ளியை விட்டபின் இவ்வளவு நீளமாக எழுதியதில்லை, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்.

நான் சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வருகிறது. நீ சொன்னால் கேட்பார். அந்த மருந்தைச் சங்கத்திடம் ஒப்படைத்துவிடச் சொல். ‘என் கல்யாணத்துக்கு வேட்டே வேண்டாம்’ என்று கெஞ்சியாவது எழுது. ம்யூனிக்கிலிருந்து உன் தபால் வரும்வரை சாவியை எப்படியாவது நானே வைத்திருக்கிறேன்.

கல்யாணத்தன்று விடியலில் மலை அமைதியாக இருந்தால் வருத்தப்படாதே, அக்கா. கொஞ்ச நேரத்தில் உன் கையைப் பிடித்துத் தேவாலயத்துக்குள் அழைத்துப்போக அப்பா இருப்பார்.

சாவியோடு காத்திருக்கும்,
உன் தங்கை அஃப்ரா